பக்கத்து இருக்கை பிறந்த கதை

1960, 70-களில் இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களில் எடுத்த படங்களை உற்றுப் பார்த்தால், எல்லைக்கோட்டுக்கு வெளியே வெளிர்நீல வண்டிகள் வரிசைகட்டி நிற்பது தெரியும். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு, மேலே ஒரு கூண்டு. அரங்கின் படிகளில் ஏற முடியாதவர்கள் அந்த வண்டிகளுக்குள் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்த்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும் உள்ளே ஒரே ஒருவர்தான் இருப்பார். மகனையோ மனைவியையோ நண்பனையோ பக்கத்தில் உட்காரவைத்து "அடி, அடி!" என்று சேர்ந்து கத்த முடியாது. அரசாங்கம் கொடுத்த வண்டியில் இருக்கை ஒன்றுதான். இன்னொருவரை ஏற்றினால் சட்டப்படி குற்றம்.

அந்த ஒற்றை இருக்கையை எதிர்த்து நடந்த நீண்ட சண்டையிலிருந்து ஒரு திட்டம் பிறந்தது. பெயர் மோட்டாபிலிட்டி. இன்று பிரிட்டனில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அதன் வழியாக மாற்றுத்திறனாளிகளின் வீட்டு வாசலில் நிற்கின்றன. உலகத்தில் இந்த வகைத் திட்டங்களிலேயே பெரியது என்று தயங்காமல் சொல்லலாம்.

போர் கொடுத்த வண்டி

முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனில் 41,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் கையையோ காலையோ இழந்திருந்தார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்த அமைச்சகமே நடமாட வண்டியும் கொடுக்கத் தொடங்கியது. முதலில் கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டிகள். பிறகு சிறிய மோட்டார் வைத்தவை. பாத் நகரத்தில் ஹார்டிங் என்ற நிறுவனம் 1920-களிலிருந்தே இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்துவந்தது. மேற்கூரை கிடையாது. மழையிலும் பனியிலும் எண்ணெய்த்துணிப் போர்வையைக் காலில் போர்த்திக்கொண்டு ஓட்டவேண்டியதுதான்.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப்போரை ஒட்டி வந்தது. எசெக்ஸ் பகுதியில் பெர்ட் கிரீவ்ஸ் என்று ஒரு பொறியாளர். அவருடைய உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப் கால்கள் செயல்படாதவர். புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி உறவினரின் சக்கர நாற்காலியில் பூட்டிப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று சொல்வார்கள். அது ஓடியது. இருவரும் சேர்ந்து 1946-இல் 'இன்வாகார்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வண்டி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரே நிறுவனத்தை நடத்துபவர்களில் ஒருவராகவும் இருந்தார். பின்னாளில் அமைச்சகத்து மேசைகளில் போட்ட வரைபடங்களுக்கு இல்லாத தகுதி இது.

சாலைக் குழிகளின் அதிர்ச்சி உடம்பில் ஏறாமலிருக்க இவர்கள் ரப்பரை முறுக்கிச் செயல்படும் ஒரு சஸ்பென்ஷனை அமைத்தார்கள். அதே நுட்பம் பிற்பாடு கிரீவ்ஸ் மோட்டார் சைக்கிள்களுக்கும் போயிற்று. அந்த கிரீவ்ஸில் ஏறித்தான் டேவ் பிக்கர்ஸ் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பிய மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார். நடக்க முடியாதவருக்காகப் பிறந்த சாதனம் மேடு பள்ளத்தில் பறக்கும் வீரனுக்கும் உதவியது.

1948-இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. கண்ணாடி, பல்செட், சக்கர நாற்காலி என்று எல்லாம் கொடுத்த அந்தச் சேவையின் பட்டியலில் மோட்டார் வண்டியும் சேர்ந்தது. அதுவரை போரில் காயம்பட்டவர்களுக்கு மட்டும் கிடைத்தது இனி போலியோ வந்தவருக்கும், சுரங்கத்தில் முதுகெலும்பு ஒடிந்தவருக்கும், பிறவியிலேயே கால் வராதவருக்கும் கிடைத்தது. வண்டி அரசின் சொத்து, பயனாளிக்கு இரவல். பழுதுபார்ப்பதும் அரசின் பொறுப்பு. ஏழை எளியவர் ஒருவருக்குத் தன் பெயரில் ஒரு மோட்டார் வண்டி என்பதே கனவாக இருந்த காலத்தில் இது மிகப் பெரிய விஷயம். வேலைக்குப் போகவே முடியாது என்று வீட்டுக்குள் முடங்கியவர்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்தார்கள். அந்த நன்றியை யாரும் மறக்கவில்லை. கோபம் வேறு இடத்தில் இருந்தது.

ஒருவருக்கு மட்டும்

வண்டியை வடிவமைத்தவர்கள் அதை ஒரு மருத்துவ உபகரணமாகவே நினைத்தார்கள். செயற்கைக் காலில் இன்னொருவருக்கு இடம் எதற்கு? அந்தக் கணக்குத்தான் வண்டிக்கும். ஓட்டுபவர் சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து உள்ளே உட்காருவார். மடித்த நாற்காலி அவர் பக்கத்தில் நிற்கும். அவ்வளவுதான் இடம்.

சிப்பாயாக இருந்து கடுமையாக ஊனமுற்றவருக்கு மட்டும் 1940-களின் கடைசியிலிருந்தே அரசு சிறிய கார் கொடுத்துவந்தது. நான்கு சக்கரம், நான்கு பேர் உட்காரும் உண்மையான கார். ஒரே தெருவில் இரண்டு பேர், இருவருக்கும் கால் இல்லை. ஒருவர் குண்டில் இழந்தார். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார். மற்றவர் தொழிற்சாலையில் இழந்தார். அவர் நீல வண்டியில் தனியாகப் போக, மனைவியும் பிள்ளைகளும் பேருந்தில் பின்னால் வரவேண்டும். பிற்பாடு சில விதிவிலக்குகள் வந்தாலும் இந்த வேற்றுமை ஒழியவில்லை.

இரண்டாவது குறை பாதுகாப்பு. லண்டனை அடுத்த தேம்ஸ் டிட்டனில் ஏசி கார்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. உலகப் புகழ்பெற்ற 'கோப்ரா' பந்தயக் காரைச் செய்தவர்கள். அதே நிறுவனம்தான் அரசுக்கு மூன்று சக்கர வண்டிகளையும் செய்து கொடுத்தது. 1971-இல் வந்த 'மாடல் 70' அந்த வரிசையில் கடைசி. ஆஸ்திரியாவின் ஸ்டெயர்-புக் நிறுவனத்திலிருந்து வந்த ஏறத்தாழ 500 சி.சி. எஞ்சின், கியர் மாற்ற வேண்டாத ஓட்டம், இழுத்துத் திறக்கும் கதவுகள், வண்டியோட்டியின் கைக்கேற்ப ஸ்டீயரிங்குக்குப் பதில் கைப்பிடிக் கம்பி. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் கண்ணாடியிழைக் கூண்டு எடையற்றது; முன்னால் தாங்குவது ஒற்றைச் சக்கரம். பக்கவாட்டில் பலத்த காற்றடித்தால் வண்டி தடம் மாறும், சில நேரம் கவிழும். தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. வழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளவும் முடியாது, நடந்துபோய் உதவி கேட்கவும் முடியாது, பக்கத்தில் உதவிக்கு ஆளும் கிடையாது.

மூன்றாவது குறைதான் அடிப்படையானது. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் வண்டி. கைகளும் செயல்படாதவர், வலிப்பு வருபவர், குழந்தை ஆகியோருக்கு எதுவும் இல்லை. ஊனம் கூடக்கூட உதவி கூடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே ஊனம் ஓர் அளவைத் தாண்டியதும் உதவி பூஜ்யமானது. கால் நடக்காத பத்து வயதுப் பிள்ளையைத் தாய் இடுப்பில் சுமந்துகொண்டே பேருந்துக்கு நிற்கவேண்டியதுதான்.

தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகன்

மான்செஸ்டரில் ஏழ்மையில் வளர்ந்தவர் ஆல்ஃப் மோரிஸ். அவருடைய தந்தை முதல் உலகப்போரில் ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, நச்சுப்புகையால் நுரையீரலும் கெட்டுத் திரும்பியவர். மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோனார். அமைச்சகத்தின் கதவைத் தட்டுவது என்றால் என்ன என்பதை மோரிஸ் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். தொழிற்கட்சி எம்.பி. ஆனபின், 1969-இல் தனிநபர் மசோதாக்களுக்கான குலுக்கலில் அவருக்கு முதலிடம் விழுந்தது. அவர் கொண்டுவந்த நாள்பட்ட நோயாளிகள், ஊனமுற்றோர் சட்டம் 1970 மே 29-இல் நிறைவேறியது. அப்போது தேர்தலுக்காக நாடாளுமன்றமே கலைந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் தப்பிய சட்டம் அது. மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கு நிறுத்துமிடச் சலுகை தரும் ஆரஞ்சு அட்டை அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான்.

1974-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது மோரிஸ் ஊனமுற்றோருக்கான அமைச்சர் ஆனார். இப்படி ஒரு பொறுப்பு உலகில் எங்கும் அதற்கு முன் இருந்ததில்லை. அவர் மேசைக்கு வந்தபோது ஓர் அறிக்கை காத்திருந்தது. எழுதியவர் ஈவ்லின் ஷார்ப் சீமாட்டி; பிரிட்டிஷ் அரசுத்துறை ஒன்றின் நிரந்தரச் செயலாளராக உயர்ந்த முதல் பெண். மூன்று சக்கர வண்டியை ஒழியுங்கள், காரே கொடுங்கள் என்றார் அவர். கார் செலவு கூடுதலாயிற்றே? அதனால் வேலைக்கோ படிப்புக்கோ குடும்பத்தை நடத்தவோ கார் இன்றியமையாதவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று வரம்பும் கட்டினார்.

ஓட்டத் தெரியாதவர்களின் கேள்விக்கு இதில் விடை இல்லை. கையிலிருக்கும் வண்டியும் போய்விடுமோ என்று ஓட்டுபவர்களுக்கும் கலக்கம். அரசு வேறு வழியில் போயிற்று: பொருளைக் கொடுக்காமல் பணத்தைக் கொடுப்பது. 1976 ஜனவரி 1 முதல் 'நடமாட்ட உதவித்தொகை' வந்தது. நடக்க முடியாதவர், அல்லது நடக்கவே முடியாத நிலைக்கு அருகில் இருப்பவர், வாரத்துக்கு 5 பவுண்டு பெறலாம். ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு. டாக்ஸிக்குக் கொடுக்கலாம், அண்ணனின் காருக்குப் பெட்ரோல் போடலாம். முதன்முறையாக, ஓட்டுபவரும் ஓட்டப்படுபவரும் சட்டத்தின் முன் ஒன்றானார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் சமூக சேவை அமைச்சர் டேவிட் என்னல்ஸ் மூன்று சக்கர வண்டிகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார். மகிழ்ச்சி பிறந்திருக்கவேண்டிய இடத்தில் பீதி பிறந்தது. ஏறத்தாழ 20,000 பேர் அந்த வண்டிகளை நம்பியிருந்தார்கள். கவிழும், எரியும், தனியாகத்தான் போகும், ஆனால் போகும். வாரம் 5 பவுண்டை வைத்துக்கொண்டு யாரால் கார் வாங்க முடியும்? அதற்கும் வருமான வரி உண்டு. வங்கிக்குப் போனால் வேலை என்ன, ஈடு என்ன என்று கேட்பார்கள். நீதி கிடைத்தது, வண்டிதான் போயிற்று என்ற நிலை.

ஐந்து பவுண்டு எப்படிக் காரானது

இந்த முடிச்சை அவிழ்க்க அரசு தேடிப்போன ஆள் ஆர்னால்ட் குட்மேன் பிரபு. அமைச்சர்களிலிருந்து தொழிலதிபர்கள் வரை எவருடைய சண்டையையும் ஓர் அறையில் உட்காரவைத்துத் தீர்த்துவிடும் வழக்கறிஞர் என்று பெயர் எடுத்தவர். அவரோடு கைகோத்தவர் ஜெஃப்ரி ஸ்டெர்லிங் என்ற தொழிலதிபர். பிற்பாடு பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் தலைவரானவர் இவர்தான். இருவரும் 1977 இறுதியில் மோட்டாபிலிட்டி என்ற அறக்கட்டளையை நிறுவினார்கள்.

இவர்கள் எந்த வண்டியையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒரு பணவழி. உதவித்தொகையைப் பயனாளியின் கையில் கொடுக்காமல், அவர் சம்மதத்தோடு அரசு நேரே கார் குத்தகை நிறுவனத்துக்குச் செலுத்தினால் என்ன ஆகும்? தவணை தவறாது. செலுத்துவது அரசாங்கம், அது ஊரைவிட்டு ஓடாது. ஆக, கடன் கேட்பவர் வேலையில்லாதவராக இருந்தாலும், சேமிப்பு ஒரு பைசா இல்லாதவராக இருந்தாலும், வங்கியின் கண்ணில் அவர் நாட்டிலேயே நம்பகமான வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். பெரிய வங்கிகள் சேர்ந்து நிதி நிறுவனம் ஒன்றை அமைத்தன. ஆயிரக்கணக்கான கார்களை மொத்தமாக வாங்குவதால் கார் நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. மூன்று ஆண்டு முடிந்ததும் கார் திரும்பிவரும். நன்றாகப் பராமரித்த பழைய காராகச் சந்தையில் விற்கும். அந்த விற்பனைத் தொகைதான் அடுத்தவரின் குத்தகையைக் குறைக்கிறது.

முதல் கார்கள் 1978 ஜூலையில் கைமாறின. நீல நிறம் இல்லை. ஊனமுற்றவர் ஓட்டும் வண்டி என்று தூரத்திலிருந்தே அடையாளம் காட்டாத, எதிர்வீட்டுக்காரரும் ஓட்டுகிற சாதாரணக் கார். அதில் பக்கத்து இருக்கை இருந்தது. பின்னால் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது.

சாதாரணக் காரை அவரவர் உடம்புக்கேற்ப மாற்றும் தொழில் இதனால் வளர்ந்தது. கால் பெடலுக்குப் பதிலாகக் கையால் அழுத்திப் பிரேக்கும் இழுத்து ஆக்ஸிலரேட்டரும் தரும் நெம்புகோல். ஒரே கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்ற ஒரு குமிழ். வலது கால் வராதவருக்கு இடது காலுக்கு மாற்றிய ஆக்ஸிலரேட்டர். கதவுப் பக்கம் திரும்பி வெளியே வரும் இருக்கை. சக்கர நாற்காலியைத் தூக்கிப் பின்னால் வைக்கும் சிறு கிரேன். தரையைத் தாழ்த்திச் சாய்வுப் பலகை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறும் வேன். விரல்கள் மட்டும் அசைபவர் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டும் வண்டிவரை போயிற்று. குத்தகை முடிந்தால் பெரும்பாலான பாகங்களைக் கழற்றிவிட்டுக் காரைச் சாதாரணக் காராகவே விற்கலாம். அதனால்தான் கணக்குக் கட்டுபடியாகிறது.

மூன்று வயதுப் பிள்ளையின் பெயரிலும் இன்று கார் எடுக்கலாம். ஓட்டுவது தாயோ தந்தையோ. கார் பிள்ளையின் நன்மைக்குப் பயன்படவேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஓட்டத் தெரியாதவருக்கு வண்டி இல்லை என்ற பழைய விதி தலைகீழானது இங்கேதான்.

திட்டத்தின் கடிவாளம்

கார் உதவித்தொகையில் தொங்குகிறது. ஆகவே உதவித்தொகை யாருக்கு என்று முடிவுசெய்பவர் கையில்தான் காரின் சாவி. 1992-இல் நடமாட்டத்தொகை வேறொரு உதவித்தொகைக்குள் சேர்ந்தது. 2013 முதல் அதுவும் மாறிப் புதிய மதிப்பீடு வந்தது. முன்பு 50 மீட்டர் நடப்பது அளவுகோல். புதிய முறையில் உயர்ந்த தொகைக்கு அது 20 மீட்டராகச் சுருங்கியது. 20 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளாடி நடந்து காட்டியவர்கள் தொகையை இழந்தார்கள். தொகையோடு காரும் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் கார் இல்லாமல் வேலையை விட்டதும் நடந்தது.

மறுபக்கத்திலும் கேள்விகள் எழுந்தன. அரசுப் பணத்தில் போட்டியே இல்லாமல் வளர்ந்த குத்தகை நிறுவனம் சேர்த்துவைத்த பெருந்தொகையும், அதன் தலைமை அதிகாரிக்குக் கொடுத்த ஊக்கத்தொகையும் 2018-இல் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கடும் விமர்சனத்துக்கு ஆளாயின. சமீப ஆண்டுகளில் பிரிட்டனில் விற்கும் புதுக் கார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்தத் திட்டத்துக்கே போகிறது. அவ்வளவு பெரிய மரத்தின் கணக்கை ஊர் கேட்கத்தான் செய்யும்.

நீல வண்டிகள் ஒரே நாளில் மறையவில்லை. பழகிய கை விட மறுத்தது; இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று அரசும் விட்டுவிட்டது. 2003 மார்ச் 31-ஐக் கடைசி நாளாக வைத்து மிச்சமிருந்தவற்றையும் சாலையிலிருந்து விலக்கினார்கள். அரசின் சொத்து என்பதால் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. ஒரு சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நம் சட்டப் புத்தகத்தில்

அந்த வண்டியின் நிழல் நம் ஊர்வரை விழுந்திருக்கிறது. இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'இன்வாலிட் கேரேஜ்' என்று ஒரு வகையை வைத்திருந்தது. உடல் குறையுள்ளவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக்கூடாது என்பது அதன் இலக்கணம். பிரிட்டனின் பழைய சிந்தனை அப்படியே. ஆனால் நம் தெருக்களில் ஓடியதோ சாதாரண ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு சக்கரம் பூட்டிய வண்டி. மெக்கானிக் பட்டறையில் நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் 2019 திருத்தத்தில்தான் முழுமையாக ஏற்றுக்கொண்டது: பழைய வகை போய், தனியாகக் கட்டியதும் மாற்றியமைத்ததும் ஒன்றாக 'தகவமைத்த வாகனம்' ஆயின. பிரிட்டன் 1970-களில் கடந்த திருப்பத்தை இந்தியச் சட்டம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்துக் கடந்தது.

தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களை விலையில்லாமல் கொடுக்கிறது. வாங்கியவர்களின் பிழைப்பு மாறியிருப்பதைக் கடைத்தெருவில் பார்க்கலாம். அதில் பின்னால் ஒருவர் உட்காரவும் இடம் இருப்பதால் பிரிட்டனின் முதல் தவறு இங்கே நேரவில்லை. ஆனாலும் ஸ்கூட்டர் ஓட்டக்கூடியவருக்குத்தான். கையும் வராதவருக்கு, பார்வையற்றவருக்கு, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய்க்கு அந்தத் திட்டத்தில் விடை கிடையாது. அவர்களுக்கான விடை பேருந்தில் பாதி வந்திருக்கிறது. 2021 முதல் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வரும் உதவியாளர் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. பிரிட்டன் முப்பது ஆண்டு சண்டை போட்டுப் பெற்ற பக்கத்து இருக்கையை நாம் ஒரே உத்தரவில் கொடுத்துவிட்டோம்.

மீதிப் பாதி, அந்த இருக்கைவரை ஏறிப் போவது. சக்கர நாற்காலி ஏறும் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் 2024-இல் மறுபடி ஓடத் தொடங்கின; நீதிமன்றம்வரை போய் வாதாடியதன் பலன் அது. மற்ற பேருந்துகளின் படி இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது ஓர் உத்தரவில் முடியும். படியைத் தாழ்த்தப் பேருந்தையே மாற்றவேண்டும், நடைமேடையைச் செப்பனிடவேண்டும், நிறுத்தத்தில் ஓட்டுநர் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். குட்மேனும் ஸ்டெர்லிங்கும் செய்ததைப்போல, வாக்குறுதிக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சில்லறை வேலைகளை எடுத்துப்போட்டுச் செய்ய இங்கும் யாராவது உட்காரவேண்டியிருக்கிறது. ஆல்ஃப் மோரிஸ் தொகையோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயர் சட்டப் புத்தகத்தில் இருந்திருக்கும். வாசலில் கார் நின்றிருக்காது.